கடைசி வண்டிக்கு விளக்கு எங்கே?

ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பாடம் சொல்லித் தரப்படுகிறது. ஒரு ரயில் ஸ்டேஷனைக் கடந்து போகும்போது எஞ்சினைப் பார்த்தால் மட்டும் போதாது. கடைசிப் பெட்டியையும் பார்க்க வேண்டும். அதன் பின்புறத்தில் 'எல்.வி.', அதாவது கடைசி வண்டி என்ற பலகை இருக்க வேண்டும். இரவானால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அது கண்ணில் படாவிட்டால், ரயில் நடுவழியில் அறுந்து, பாதி பின்னாலேயே நின்றுவிட்டதோ என்று ஸ்டேஷன் மாஸ்டர் சந்தேகப்பட்டாக வேண்டும். அந்தச் சந்தேகம் தீரும்வரை பின்னால் வரும் வண்டிக்கு வழி கிடையாது.

இந்தப் பாடத்தை டில்லியைச் சுற்றியுள்ள சாலைகளுக்கு யார் சொல்லித் தருவது என்பதுதான் என் கேள்வி.

மார்கழி, தை மாதங்களில் இங்கே பனிமூட்டம் எப்படியிருக்கும் என்பதை டில்லித் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து வரும் மாமனார், மாமியாருக்குத்தான் விளக்க வேண்டும். நீட்டிய கை தெரியாத விடியற்காலைகள் உண்டு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் கரும்பு ஆலைகள் மும்முரமாக அரைக்கும் காலமும் இதுவே. ஹாப்பூர், மீரட், முசாபர்நகர் பக்கம் இரவு முழுவதும் டிராக்டர்கள் கரும்பு டிராலிகளை இழுத்துக்கொண்டு போகின்றன. டிராலிக்கு வெளியே நாலு முழம் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் விளக்கு இருந்தாலும் கரும்பு மறைத்துவிடும். பல டிராலிகளில் விளக்கே கிடையாது.

எங்கள் தெருவில் சேலம் ஜில்லாக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். கொத்தனார். போன ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காஜியாபாத் பக்கம் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சாலையோரம் டயர் பஞ்சராகி ஒரு டிராலி நின்றிருக்கிறது. அதன் டிரைவர் வேறு டயர் கொண்டுவரப் போய்விட்டார். பின்னால் விளக்கில்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. நண்பர் நேரே போய் மோதினார். உயிர் பிழைத்தது தெய்வச் செயல். தொடை எலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கை. தினக்கூலிக்காரனுக்கு ஐந்து மாதம் என்றால் என்னவென்று எழுதிக்காட்ட வேண்டியதில்லை. அவர் மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

"கவனமாகப் போயிருக்கலாமே" என்று சிலர் சொன்னார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறார். பனியில் 20 மீட்டர் தூரம்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பது டிராலி என்று புரிந்து பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு விநாடி போய்விடும். மிச்சம் 9 மீட்டர். ஈரச் சாலையில் அதற்குள் வண்டி நிற்காது. 40 கூட அதிக வேகம்தான் என்பது முதல் பாடம். தூரத்திலேயே மினுங்கும் ஒரு சிவப்பு ரிப்ளக்டர் இருந்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும் என்பது இரண்டாவது பாடம்.

ரிப்ளக்டர் புதிய யோசனையல்ல. டிராலி உட்பட வாகனங்களின் பின்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு ரிப்ளக்டர்கள் இருக்க வேண்டுமென்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. விதி புத்தகத்தில் இருக்கிறது. டிராலி சாலையில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை.

ரயில்வேயில் பனிக்காலம் வந்தால் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னதாகவே தண்டவாளத்தில் சிறு வெடிகளை வைக்கிறோம். எஞ்சின் ஏறியதும் அவை வெடித்து டிரைவரை உஷார்ப்படுத்தும். இப்போது சிக்னல் வருவதை முன்கூட்டிச் சொல்லும் கருவியும் எஞ்சினில் வந்துவிட்டது. அது இருந்தும் பனியில் மணிக்கு 75 கிலோ மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ரயில் தாமதம் என்று எங்களைத் திட்டாத பயணி இல்லை. திட்டட்டும். திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருக்கிறாரே!

விவசாயியை மட்டும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆலை வாசலில் குளிரில் இரவெல்லாம் வரிசையில் நின்று, தூக்கக் கண்ணோடு திரும்பும் அந்த டிரைவரும் நம்மைப் போலப் பிழைப்புக்காரர்தான். அவரை வழியில் நிறுத்தி அபராதம் வாங்குவதால் பின்னால் விளக்கு முளைத்துவிடாது. கரும்பு எல்லாம் கடைசியில் ஆலை வாசலுக்குத்தானே வந்தாக வேண்டும்? அந்த இடத்தில் பிடிக்க வேண்டும். பின்னால் ரிப்ளக்டர் பட்டை இல்லாத டிராலி எடைமேடை ஏறக்கூடாது. இல்லாதவர்களுக்கு ஆலையே ஒட்டி அனுப்ப வேண்டும். சில இடங்களில் பனிக்காலத்தில் இப்படி ஒட்டுகிறார்கள். எல்லா இடத்திலும் ஒட்டினால் என்ன? கரும்பின் விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பட்டையின் விலை ஒரு பொருட்டா?

கட்டட வேலையில் டிராலி ஓட்டும் நம்மவர்களுக்கும் சில வார்த்தைகள். டிராக்டரையும் டிராலியையும் இணைக்கும் பின்னுக்குப் பூட்டு ஊசி போட்டிருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். இணைப்பு அறுந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி வேண்டும். பாரத்தையெல்லாம் பின்பக்கம் ஏற்றினால் டிராக்டரின் பின்பகுதி தூக்கும். சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளையும் சாலையில் சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துத் திரும்பிவிடும். பெரும்பாலான டிராலிகளுக்குச் சொந்தப் பிரேக் கிடையாது. ஈரச் சாலையில் திடீரென்று மிதித்தால் பின்னாலுள்ள பாரம் டிராக்டரைத் தள்ளி மடக்கிப் போட்டுவிடும். பனியில் விளக்கைத் தாழ்த்தியே போடுங்கள்; உயர்த்தினால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும். பழுதானால் சாலையை விட்டு இறக்குங்கள். முடியாவிட்டால், நன்றாகப் பின்தள்ளி ஒரு ஆள் விளக்கோடு நிற்க வேண்டும்.

இன்னொன்று. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் டிராலியில் ஆள் ஏற்றுவதை விட்டுவிட வேண்டும். 2022 அக்டோபரில் கான்பூர் பக்கம் காட்டம்பூரில் ஒரு டிராலி குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் காஸ்கஞ்சில், மாசிப் பௌர்ணமிக்குக் கங்கையில் நீராடப் போனவர்கள் 20 பேருக்கு மேல் அதேபோல் மாண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். டிராலி கரும்புக்கும் செங்கல்லுக்கும் செய்தது. மேஸ்திரி "ஏறு, ஏறு" என்று கூப்பிட்டாலும், குளிரில் நடக்க வேண்டியிருந்தாலும், நம்மவர்கள் அதில் ஏறாதிருப்பதே நல்லது.

எங்கள் தெரு நண்பர் இப்போது கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். சாரம் ஏற முடிவதில்லை. தரையில் நின்று செய்யும் வேலை கிடைத்தால் போகிறார். இந்த வருஷமும் பனி வரும். அதற்குள் சம்பந்தப்பட்ட ஆலைகளும் அதிகாரிகளும் விழித்துக்கொள்வார்களா?