சுங்கமும் சுய பரிசோதனையும்

இறக்குமதியாகும் சரக்குக்கு வியாபாரியே தீர்வையைக் கணக்கிட்டுக் கட்டவேண்டும் என்று 2011-ம் வருஷம் ஏப்ரல் மாதம் நமது நாட்டில் சட்டம் ஏற்பட்டது. அதற்கு முன் மதிப்பிடும் பொறுப்பு சுங்க உத்தியோகஸ்தரிடம் இருந்தது. அதே வருஷத்தில், ஏ. இ. ஓ. என்று வழங்கும் அங்கீகாரத் திட்டமும் ஆரம்பமாயிற்று. இதில் சேரும்படி எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கணக்குகளை ஒழுங்காக வைத்து, தம் பிழைகளைத் தாமே கண்டுபிடிக்க ஏற்பாடு செய்துகொள்வோருக்குச் சரக்குச் சோதனை குறையும். மேல் படிகளில் உள்ளோர் தீர்வையைத் தவணை கடந்தும் கட்டலாம். இத்திட்டத்தை நாம் வரவேற்கிறோம். அந்நிய சர்க்கார் 1878-ல் இயற்றிய கடல் சுங்கச் சட்டம், 1962-ல் புதுச் சட்டம் இயற்றப்படும் வரை நம்மை ஆண்டது. வியாபாரி என்றாலே கள்ளன் என்ற அந்நாளைய எண்ணமும் அதனுடன் ஒழிந்ததா என்பதுதான் நமது சந்தேகம்.

வியாபாரிகளிடமும் குறை உண்டு. பலர் பத்திரங்களைத் தரகர் கையில் ஒப்புவித்துவிட்டு, சரக்கு வெளியே வந்தால் போதுமென்று இருந்துவிடுகிறார்கள். ஓர் உதாரணம்: அந்நிய நாட்டுக் கம்பெனியிடம் இயந்திர பாகங்கள் வாங்குகிறவர், அந்த விற்பனையின் நிபந்தனையாக அதற்கு 'ராயல்டி'யும் செலுத்துகிறார். சட்டப்படி அத்தொகையைச் சரக்கின் மதிப்போடு சேர்க்கவேண்டும். ராயல்டி செலுத்துவது கணக்குப் பிள்ளைக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் குமாஸ்தாவுக்குத் தெரியாது. இரண்டு புஸ்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் இல்லை. சுய பரிசோதனை என்பது இதைத்தான். சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது அல்ல.

சரி, பார்த்தார், பிழை தெரிந்தது. இனி அவர் கதி என்ன? தெரியாமல் நேர்ந்த பிழையானால், நோட்டீஸ் வருமுன் பாக்கித் தீர்வையை வட்டியுடன் கட்டினால் அபராதமில்லை. சரக்கு வெளியேறிய பின்னும் பத்திரத்தைத் தாமாகவே திருத்திக்கொள்ள 2025-ம் வருஷத்து நிதிச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் தணிக்கையோ சோதனையோ தொடங்கி அறிவிப்பும் வந்துவிட்டால் அவ்வழி அடைபடும். சட்டம் நல்லதுதான். அதை நடத்துவோர் மனம் எப்படி? சாதாரணப் பிழைக்கு நோட்டீஸ் கொடுக்க இரண்டு வருஷம் வரையே கெடு; வேண்டுமென்று மறைத்ததாகச் சொன்னால் ஐந்து வருஷம். தாமே வந்து ஒப்புக்கொண்டவரை "மறைத்தவர்" என்று எழுதி ஐந்து வருஷத்துக்கு இழுத்தால், அடுத்தவர் வாயைத் திறப்பாரா? கண்ட பிழையைப் பெட்டியில் பூட்டிவைத்து, இரண்டு வருஷம் கழியட்டும் என்று காத்திருப்பார். பொக்கிஷத்துக்கும் நஷ்டம், நாணயஸ்தருக்கும் அவமானம்.

சிறு வியாபாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருஷத்துக்கு 25 பத்திரங்கள் என்ற நிபந்தனையைச் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 10 ஆக 2020-ல் குறைத்தது நியாயமே. ஆயினும் கணக்கர், வக்கீல் என்று தனித்தனியே ஆள் வைக்கச் சக்தியுள்ள பெரிய கம்பெனிகளுக்கு இவ்விதிகள் எளிது. தூத்துக்குடியில் ஒரே குமாஸ்தாவுடன் தொழில் நடத்துபவருக்கு அப்படியல்ல. விண்ணப்பத்தையும் விதிகளையும் தெளிவான தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதற்குச் சர்க்காருக்கு என்ன தடை?

இவ்விஷயத்தில் சுங்க போர்டார் செய்யவேண்டியது ஒன்று. தாமாக முன்வந்து பிழையை ஒப்புக்கொண்ட வியாபாரியின் வாக்குமூலத்தை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு மறைத்த குற்றம் சாட்டலாகாது என்று எல்லாத் துறைமுக அதிகாரிகளுக்கும் எழுத்து மூலம் உத்தரவிட்டு, அதை யாவரும் அறியப் பிரசுரிக்கட்டும்.