உடம்பில் கீறல் இல்லாதவருக்கு எந்தப் பட்டியலில் இடம்?

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பட்டெடுக்க வர்றவங்க ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டித்தான் வர்றீங்க. 1991 மே 21 ராத்திரி அங்கேதான் குண்டு வெடிச்சது. ராஜீவ் காந்தியோட இன்னும் 14 பேருக்குக் குறையாம செத்தாங்க. 40 பேருக்கு மேல காயம். பட்டியல் அதோட முடிஞ்சது.

பட்டியலில் இல்லாத ஒருத்தர் எங்க தெருவில் இருந்தார். தறிக்காரர். சொந்தமில்லைன்னாலும் எங்களுக்குச் சித்தப்பாதான். தலைவரைப் பார்க்கப் போனவர், ஒரு கீறல்கூட இல்லாம திரும்பினார். சாமி காப்பாத்திச்சுன்னு ஊரே சொன்னது. அப்புறம் அவர் ஒழுங்காத் தூங்கவே இல்லை. தறிக்குழியில் இறங்கினா கை நடுங்கும், இழை அறும். வைகாசியில் வரதர் கருட சேவைக்கு ஊரே தெருவில் நிக்கும். அவர் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். கூட்டமும் வெடிச் சத்தமும் ஆகாது. பேய் அடிச்சிருச்சுன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். அதில் எனக்கும் பங்குண்டு. இது வியாதி, வைத்தியம் இருக்குன்னு சொல்ல எங்க தெருவுக்கு ஒருத்தரும் வரலை. சாகும்வரை அப்படியே இருந்தார்.

பழைய கதைன்னு தள்ளாதீங்க. 2018இல் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தப்போ, டீக்கடையில் நாங்க பேசினது குடும்பத்துக்கு 10 லட்சமா 20 லட்சமான்னுதான். பக்கத்தில் நின்னவன் சுருண்டு விழுந்ததைப் பார்த்தவன் தூங்குறானான்னு யார் கேட்டோம்?

இப்போதான் 14416 இருக்கேம்பீங்க. இருக்கு, 2022லிருந்து. காசில்லாம, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். குறிச்சு வெச்சுக்கோங்க. ஆனா தனக்கு வந்திருப்பது வியாதின்னே தெரியாதவர் யாரைக் கூப்பிடுவார்? 'மக்களைத் தேடி மருத்துவம்'னு சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருது. மனசுக்கு மட்டும் நாங்க தேடிப் போகணுமா?

காயக் கணக்கு எடுக்கும்போதே அங்கே நின்னவங்க பேரையும் எழுதுங்க. ஊர் நர்ஸ் ஒரு மாசத்தில் வரட்டும், ஆறு மாசத்தில் வரட்டும், வருஷம் திரும்பும்போதும் வரட்டும். தூக்கம் கெட்டவங்களை மாவட்ட ஆஸ்பத்திரி மனநல டாக்டர்கிட்ட கூட்டிப் போகட்டும்.

வருஷா வருஷம் மே 21க்கு ஆபீஸ்களில் தீவிரவாத எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறாங்க. எடுக்கட்டும். அன்னிக்கு உயிரோடு திரும்பினவங்க வீட்டுக் கதவையும் ஒருதரம் தட்டுங்க.