எச்சில் யாருடையது?

"முன்னோர்கள் மூடர்களல்லர், அவர்கள் வகுத்த உணவு முறை ஒவ்வொன்றிலும் விஞ்ஞானம் பொதிந்து கிடக்கிறது" என்று கூறுவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. கதாகாலட்சேப மேடையிலும் இந்தப் பல்லவிதான். கைப்பேசியில் வந்து விழும் செய்தியிலும் இந்தப் பல்லவிதான். நாம் முன்னோரை மூடர் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு காரணம் உண்டு என்பதே நம் கருத்தும். அந்தக் காரணம் எது என்பதில்தான் அவர்களுக்கும் நமக்கும் வழக்கு!

உண்ணுமுன் கை கழுவு என்றனர், ஒப்புகிறோம். வாழையிலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்கட்டும் என்றனர். அகன்ற பகுதி சோறு பிசையும் வலக்கைக்கு வாகாக அமைகிறது, குறுகிய நுனி உப்புக்கும் ஊறுகாய்க்கும் போதும். பக்கத்திலிருப்பவர் உண்டு முடிக்குமுன் எழாதே என்றனர். பசியோடு வந்தவன் கூச்சப்பட்டு அரைவயிற்றோடு எழுந்துவிடக் கூடாதே என்ற கனிவு அதில் இருக்கிறது. இவற்றை எதிர்க்க நமக்கென்ன பித்தா?

குவளையை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடி என்ற முறைக்கு வருவோம். ஒரே செம்பு பலர் கை மாறும் வீட்டில் அது நல்ல பழக்கமே. எச்சிலால் நோய் பரவும் என்று மருத்துவமும் கூறுகிறது. "பார்த்தீரா, விஞ்ஞானம்!" என்று துள்ளுகிறார் நண்பர். சற்றுப் பொறுங்கள், ஐயா! கிருமி சாதி பார்ப்பதில்லையே! தேநீர்க் கடையில் சேரியிலிருந்து வந்தவனுக்கு மட்டும் தனிக் குவளை ஏன்? கொட்டாங்கச்சி ஏன்? குடித்ததை அவனே கழுவிக் கவிழ்க்க வேண்டுமென்பது எந்த விஞ்ஞானம்? கணவன் உண்டெழுந்த இலையிலேயே மனைவி உண்ண வேண்டும் என்றார்களே, கட்டியவன் எச்சில் மட்டும் மருந்தோ?

கருநாடகத்துக் குக்கே சுப்பிரமணியாவில் பார்ப்பனர் உண்டு விட்ட இலைகளின்மேல் மற்றவர் உருண்டனர், நோய் தீருமென்று. 2014-இல் உச்சநீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. நம் கரூரை அடுத்த நெரூரிலும் எச்சில் இலையில் உருளும் சடங்கு உண்டு. 2015-இல் உயர்நீதிமன்றம் தடுத்தது; 2024-இல் தனி நீதிபதி ஒருவர் அனுமதித்தார்; 2025 மார்ச்சில் இருவர் அமர்வு அந்த அனுமதியை நீக்கியது. குக்கேயில் ஒருவன் எச்சில் புண்ணியம். தேநீர்க் கடையில் இன்னொருவன் வாய் வைத்த குவளை தீட்டு! எச்சிலையா அளக்கிறார்கள்? ஆளையல்லவா அளக்கிறார்கள்!

பந்தியின் கதையும் இதுவே. 1920-களில் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசியக் கல்வியின் பெயரால் பணம் திரட்டியது. தமிழ்நாடு காங்கிரசு 5,000 ரூபாய் தந்தது. பணம் ஒரே பெட்டியில் விழுந்தது; சோறு மட்டும் இரண்டு இடத்தில்! பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனி உணவு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் ஏனென்று கேட்டனர். பெற்றோர் விருப்பம், ஆசாரம் என்றே பதில் வந்தது. விஞ்ஞானத்தைத் துணைக்கழைக்கும் வழக்கம் அந்நாளில் இன்னும் வரவில்லை போலும்!

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் பார்ப்பனருக்கொரு பகுதி, மற்றவருக்கொரு பகுதி. வண்டி ஒன்று, இட்டிலி மாவும் ஒன்று. உட்காரும் இடம் மட்டும் வேறு. போராடிய பின் 1941-இல் ஒழிந்தது. பொது உணவகத்தில் தீண்டாமை காட்டுவதைக் குற்றமென 1955-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அதன் பிறகும் இரட்டைக் குவளை கிராமங்களில் வாழ்ந்தது. காவலர் வந்தால் மறைந்தது, போனால் திரும்பியது.

இன்று எல்லோருக்கும் ஒரே பந்தி என்கிறீர்களா? அடுத்த முகூர்த்தத்தன்று மண்டபத்தில் கடைசிவரை இருந்து பாருங்கள். இலையெடுத்தவர், அண்டா துலக்கியவர், முற்றம் பெருக்கியவர் அப்போதுதான் சமையற்கட்டின் பின்புறம் குந்துவர். சாம்பாரில் காய் இருக்காது. பாயசம் அடியோடு ஒட்டியிருக்கும். அவர்கள் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கிறதென்று சரிபார்க்க எந்தப் பெரியவரும் அங்கே வருவதில்லை.