முற்றுப் பெறாத முகப்பு



இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமானால், ருச்செல்லாய் மாளிகையின் முன் சற்று நேரம் நில்லுங்கள். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜியோவானி ருச்செல்லாய் என்னும் கம்பளி வணிகர் கட்டிய இல்லம் அது. வரைந்தவர் ஆல்பெர்ட்டி என்னும் பேரறிஞர்.

கல்பாசி போன்றதொரு பாசியிலிருந்து ஊதாச் சாயம் எடுக்கும் கலையை இக்குடும்பத்து முன்னோர் ஒருவர் கீழை நாடுகளில் அறிந்து வந்தார் என்பது மரபுச் செய்தி. செல்வத்தோடு குடும்பப் பெயரையும் அச்சாயமே ஈந்தது.

மூன்று அடுக்குகளிலும் சுவரோடு ஒட்டிய தட்டைத் தூண்கள். அவற்றுக்கு மேலே காற்றில் புடைத்த பாய்மரச் சின்னங்கள். கீழே, வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாற நீண்ட கல் திண்ணை. செல்வர் வீட்டு வாசலில் ஏழைக்கும் ஓரிடம்!

இனி வலப்புற ஓரத்தைப் பாருங்கள். அங்கே கல்வேலை பாதியில் அறுந்து, பற்கள் போல் துருத்தி நிற்கிறது. அண்டை வீட்டை விலைக்குப் பெற இயலாமையால் முகப்பு அவ்வாறே நின்றுவிட்டது என்பர்.

பாரசீக மன்னர் நவ்ஷேர்வானின் அரண்மனை முற்றம் கோணலாக இருந்ததாம். குடிசையை விற்க மறுத்த மூதாட்டி ஒருத்தியை மன்னர் வற்புறுத்தாததே அதற்குக் காரணம் என்று அரபு வரலாற்று நூல்கள் பேசுகின்றன. அந்தக் கோணல் நீதிக்குச் சாட்சியாயிற்று.

சகோதரர்களே! சுவர் வழக்கோடு என்னிடம் வருவோர் பலர். அரை முழ நிலத்துக்காக அண்ணன் தம்பிகள் ஸலாம் சொல்வதையும் நிறுத்திவிடுகின்றனர். மாடியின் நீட்டம் பக்கத்து வீட்டாரின் வெளிச்சத்தை மறைக்கிறது. நம் கூரை நீர் அவர் முற்றத்தில் விழுகிறது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாகக் கைக்கொள்வதைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை அறியாதவர்களா நாம்?

ருச்செல்லாய் மாளிகையின் முகப்பு ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகக் குறையோடுதான் நிற்கிறது. அதனால் அதன் அழகு எள்ளளவும் குன்றவில்லை. நம் வீடும் ஓரடி குறுகட்டும். அண்டை வீட்டாரின் மனக்குறை அதன் அஸ்திவாரத்தில் இராதிருக்கட்டும். அந்த வீட்டில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.