சுடாத துப்பாக்கி

1882-ம் ஆண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரை. பறக்கும் கடற்காகத்தை ஒருவர் துப்பாக்கியால் குறி பார்க்கிறார். விசையை அழுத்துகிறார். வெடிச் சத்தம் இல்லை, பறவையும் விழவில்லை. ஆனாலும் மனிதருக்கு முகமெல்லாம் சந்தோஷம்! 'சரியான பைத்தியம்' என்று ஊரார் சிரித்தார்களாம்.

அவர் பிரான்ஸைச் சேர்ந்த உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே. பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்பது அவரைப் பல வருடங்களாகக் குடைந்த கேள்வி. கண்ணுக்குத் தெரிவதோ வெறும் படபடப்புதான். முன்பு பறவைகளின் உடம்பில் கருவிகளைக் கட்டிப் பறக்கவிட்டும் பார்த்திருக்கிறார். பாரம் சுமக்கும் பறவை இயல்பாகவா பறக்கும்?

அதனால் பிறந்ததுதான் இந்தத் துப்பாக்கி கேமரா. குழலுக்குள் லென்ஸ். அதன் பின்னால் சுழலும் கண்ணாடித் தட்டு. விசையை அழுத்தினால் உள்ளே கடிகாரம் போன்ற பொறி ஓடும். தட்டு நின்று நின்று சுழல, ஒரே நொடியில் 12 படங்கள் பதியும். ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம், ஒரு நொடியில் 720-ல் ஒரு பங்கு! பறவை போகும் திசையெல்லாம் தொடர்ந்து குறி வைக்கவும் துப்பாக்கி வடிவம் தோதாக இருந்தது.

சிறகு வெறுமனே மேலும் கீழும் அடிப்பதில்லை. இறங்கும்போது முன்னோக்கியும் ஏறும்போது பின்னோக்கியும் வளைந்து போகிறது. மாரேயின் படங்களில் அது தெளிவாகத் தெரிந்தது.

சினிமா கேமராவின் முன்னோடிகளில் ஒன்றாக இந்தத் துப்பாக்கியைச் சொல்கிறார்கள். அது குறிவைத்த கடற்காகங்களோ, ஒன்றும் அறியாமல் தம் வழியே பறந்து போயின.