தீ வைக்கும் தீயணைப்பு வீரர்!

லீவுல அண்ணன் கொடுத்த ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலைப் படித்தேன். ரே பிராட்பரி எழுதியது, 1953-ல் வந்தது. ஆங்கிலம்தான். அகராதியும் கையுமாக 12 நாள் ஆச்சு!

அதில் தீயணைப்பு வீரர்கள் தீயை அணைப்பதில்லை. வீடு தேடிப் போய் புத்தகங்களைக் கொளுத்துகிறார்கள். கதாநாயகன் மான்டாக்கும் அப்படி ஒருவன்தான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனா அவனோட மேலதிகாரி பீட்டி ஒரு விஷயம் சொல்கிறார். அரசாங்கம் முதலில் தடை போடவில்லையாம். மக்களே படிப்பதை விட்டுவிட்டார்களாம். சுவர் முழுக்க டி.வி. இருக்கே, அது போதுமே! நெருப்பு அப்புறம்தான் வந்ததாம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

நம்ம நூலக பீரோவை யாரும் கொளுத்தவில்லை. சாவி கேட்கத்தான் ஆள் இல்லை. நானும் கேட்டதில்லை.

கதை முடிவில் சிலர் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்து காப்பாற்றுகிறார்கள். பரீட்சைக்கு உருப்போட்டு மறுநாளே மறக்கிற எனக்குச் சுருக்கென்றது.

மதிய இடைவேளையில் பீரோவைத் திறந்து வைக்கணும் என்பது என் கருத்து. ஐயாவிடம் கேட்க நாளைக்குப் போறேன். கூட யார் வர்றீங்க?