பூட்டும் பழியும்

கணிப்பொறியில் கோளாறு என்றால், "எல்லாவற்றையும் அணைத்துப் போடு" என்பது ஒரு வைத்தியம். "கடைசியாக உட்கார்ந்தது யார்?" என்று ஆளைத் தேடுவது இன்னொரு வைத்தியம். முதலாவது கோப்பைக் கெடுக்கிறது. இரண்டாவது மனிதரைக் கெடுக்கிறது. இரண்டையும் நாம் கைவிட வேண்டும் என்பது என் துணிபு.

கோடை விடுமுறையில் ஓர் அலுவலகத்தில் ஒரு மாதம் உதவிக்குப் போயிருந்தேன். பெயர் இங்கே வேண்டாம். எட்டுக் கணிப்பொறிகள், ஒரு சர்வர், அதில் ஒரு பொதுக் கோப்புறை. பணம் கட்டியவர் பெயர், தொகை, இரசீது எண் எல்லாம் அங்கிருந்த ஒரே ஆக்ஸஸ் கோப்பில்தான். ஒரு நாள் காலை அந்தக் கோப்பு "ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று ஏழு திரைகளிலும் அறிவிப்பு வந்து நின்றது. வெளியே வரிசை வாசலைத் தாண்டியது. கண்காணிப்பாளர் பூட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தார். அதில் ஒரு தட்டச்சர் அம்மையாருடைய கணிப்பொறியின் பெயர் இருந்தது. முந்தின நாள் ஐந்தரை மணிக்கே வீட்டுக்குப் போனவர் அவர். "மூடாமல் போய்விட்டீர்கள்" என்று எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு வசை விழுந்தது. அவர் பதில் பேசவில்லை.

அந்தப் பெயர் உண்மையில் எதைச் சொல்கிறது? பலர் பகிர்ந்துகொள்ளும் ஆக்ஸஸ் கோப்பை முதலாமவர் திறக்கும்போது, அதன் பக்கத்திலேயே 'லாக்' கோப்பு ஒன்று பிறக்கிறது. திறந்த ஒவ்வொருவருக்கும் அதில் 64 பைட்டு இடம்: பாதியில் கணிப்பொறியின் பெயர், பாதியில் பயனர் பெயர். 255 பேர் வரை இடமுண்டு. கடைசி ஆள் மூடும்போது அது அழிய வேண்டும். ஆனால், ஒருவர் வெளியேறியதும் அவர் பெயர் அழிவதில்லை! அந்த இடத்துக்கு வேறொருவர் வரும் வரை அப்படியே கிடக்கும். ஆகவே அது வருகைப் பதிவேடு அன்று. பழைய நாற்காலியில் ஒட்டிய பெயர்ச்சீட்டு.

அது ஏன் இரவில் அழியவில்லை? அந்தக் கோப்புறையில் ஊழியர்களுக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை தந்திருந்தார்கள். நீக்கும் உரிமை தரவில்லை. பாதுகாப்பு என்று எண்ணித் தந்த ஏற்பாடு! பூட்டுக் கோப்பை உண்டாக்கவும், எழுதவும், நீக்கவும் மூன்று உரிமையும் வேண்டும். அதுவும் தரவுக் கோப்பின் மேல் மட்டும் இருந்தால் போதாது. கோப்புறையின் மேலேயே வேண்டும். போதாக்குறைக்கு விண்டோஸ் சர்வரில் உரிமை இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. பகிர்வில் ஒன்று, கோப்புறையில் ஒன்று. நெட்வொர்க் வழியே வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுவே செல்லும். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்தவர்கள் எத்தனையோ பேர்.

அப்படியானால் அன்று காலை கோப்பைப் பிடித்திருந்தவர் யார்? நெட்வொர்க் பார்க்கும் இளைஞர் வந்து, சர்வரிலேயே 'ஓப்பன் ஃபைல்ஸ்' பட்டியலைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. உள்ளறையில் புதிதாக வைத்த எட்டாவது கணிப்பொறி! அதில் ஆக்ஸஸின் திறக்கும் முறை, பகிர்வு என்பதற்குப் பதில் தனியுரிமை என்று அமைந்திருந்தது. அங்கே இருந்தவர் யாதொன்றும் அறியாமல் அறிக்கை அச்சடித்துக்கொண்டிருந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனியுரிமையாகத் திறப்பவர் பூட்டுக் கோப்பைப் பயன்படுத்துவதே இல்லை. கோப்பை உண்மையில் பிடித்தவர் பெயர் அதில் இராது. பிடிக்காதவர் பெயர் இருக்கும்.

அமைப்பை மாற்றினார்கள், உரிமையைத் திருத்தினார்கள், வரிசை நகர்ந்தது. அம்மையாரிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

"இதெல்லாம் பழைய முறை; பெரிய சர்வர் தரவுத்தளம் வாங்கினால் தீர்ந்தது" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். கோப்பு 2 ஜி.பி. எல்லையை நெருங்கினால், அல்லது ஆட்கள் பெருகினால், நானும் அதையே சொல்வேன். ஆக்ஸஸில் வேலை முழுவதும் அவரவர் கணிப்பொறியில் நடக்கிறது. சர்வர் வெறும் அலமாரி. எழுதும் பாதியில் கம்பி பிடுங்கினாலோ சர்வரை அணைத்தாலோ, பாதி எழுதிய பக்கம் பாதியாகவே நிற்கும். அதனால்தான் "அணைத்துப் போடு" என்பதை நான் எதிர்க்கிறேன். ஆனால் எட்டுப் பேருக்கு ஆக்ஸஸ் போதும். படிவங்களை அவரவர் கணிப்பொறியில் ஒரு பிரதியாகவும், தரவை மட்டும் சர்வரிலும் பிரித்து வைத்தால் பாதித் தொல்லை ஒழியும்.

எல்லாக் கோளாறும் அலுவலகத்தில் பிறப்பதுமில்லை. 2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு வந்த பிறகு, சர்வரில் இருந்த நல்ல கோப்புகள் "சீர்குலைந்த நிலையில் உள்ளன" என்று பல இடங்களில் அறிவிப்பு வந்தது. சர்வரில் 'லீசிங்' என்ற வசதியை நிறுத்தி வைக்குமாறு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வழி கூறியது. அன்று எத்தனை எழுத்தர்கள் ஏச்சு வாங்கினார்களோ!

நம் கணினித் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். தரவுத்தளப் பாடத்தில் பூட்டுகளைப் பற்றி வாய்பாடு போல் ஒப்புவிக்கிறோம். ஆய்வகத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள். ஒரே கோப்பை இருவர் திறக்கட்டும். மூன்றாமவர் தனியுரிமையாகத் திறக்க முயலட்டும். பூட்டுக் கோப்பை நோட்பேடில் பிரித்து, யார் பெயர் அதில் மிச்சமிருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். தேர்வில் இது வராது என்பது எனக்கும் தெரியும்.